சின்ன ஊர் பேஸ்பால் பார்க்கக் காரில் கிளம்புவோருக்கு: வட கரோலினா கேள்வி பதில்

கேரி, மோரிஸ்வில், டர்ஹாம், சார்லட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் கோடை வந்தால் கடற்கரைக்குப் போகிறார்கள், மலைக்குப் போகிறார்கள். போகிற வழியிலேயே ஊருக்கு ஊர் தொழில்முறை பேஸ்பால் நடப்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் "நமக்கு அது புரியாதே" என்று விட்டுவிடுகிறார்கள். நண்பர்களும் உறவுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். ஊர்ப்பெயர்கள் வட கரோலினாவுடையவை. அட்டவணை, டிக்கெட், மழை பற்றிய பதில்கள் வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கும் உதவும்.

மைனர் லீக் என்றால் தேறாதவர்கள் ஆடும் ஆட்டமா?

இல்லை, தேறப்போகிறவர்கள் ஆடுவது. அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் கீழே வெவ்வேறு ஊர்களில் நான்கு வளர்ப்பு அணிகள். மொத்தம் 120. இவைதான் மைனர் லீக். கீழிருந்து மேலாக சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என்று நான்கு படிகள். இருபது வயதுப் பையன்கள் கீழ்ப்படியில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறுகிறார்கள். பெரும்பாலோர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இதில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் கொடுப்பது மேலே இருக்கும் பெரிய அணி. உள்ளூர் நிர்வாகத்தின் வேலை மைதானம், டிக்கெட், பாப்கார்ன், வாணவேடிக்கை. ரஞ்சியில் தமிழ்நாடு அணி கோப்பைக்காக ஆடுகிறது. டர்ஹாம் புல்ஸ் அணியோ டாம்பா பே ரேஸுக்கு ஆள் தயார் செய்வதற்காக ஆடுகிறது. பிரமாதமாக எறிந்துகொண்டிருக்கும் பிட்சரை, அதாவது பந்து எறிபவரை, ஐந்தாவது இன்னிங்ஸில் திடீரென்று வெளியே எடுப்பார்கள். பக்கத்து இருக்கைக்காரர் முணுமுணுப்பார். அந்தப் பையனின் தோள்பட்டையைக் காப்பாற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு, அவ்வளவுதான்.

இங்கே தப்பு செய்யலாம் என்பதற்கு டெரெக் ஜீட்டரை விட நல்ல சாட்சி கிடையாது. 1993-ல் கிரீன்ஸ்பரோ அணிக்கு ஆடியபோது ஒரே சீசனில் 56 தவறுகள் செய்தார். பந்தைத் தவறவிடுவது, எங்கோ எறிவது எல்லாம் அதில் சேர்த்தி. அதே ஆள் பிறகு மேஜர் லீக்கின் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குக் கேப்டனானார், 2020-ல் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார்.

டிவியில் மேஜர் லீக் பார்க்கலாமே, இதற்கு எதற்குப் பெட்ரோல் செலவு?

வட கரோலினாவில் மேஜர் லீக் அணியே கிடையாது. அட்லாண்டாவுக்கோ வாஷிங்டனுக்கோ போக வேண்டும். டிக்கெட், பார்க்கிங், சாப்பாடு என்று நான்கு பேர் குடும்பத்துக்கு அங்கே ஆகும் செலவில் இங்கே ஒரு வாரக்கடைசியையே ஓட்டிவிடலாம். பல சின்ன ஊர்களில் நல்ல இருக்கையே 20 டாலருக்குள் கிடைத்துவிடும்.

விலையை விட முக்கியம் நெருக்கம். பந்து கேட்சரின் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) கையுறையில் விழும் சத்தம் காதில் விழும். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்வது கேட்கும். டிவியில் இது வராது.

ஆட்டம் புரியுமா? கிரிக்கெட் மட்டும்தான் தெரியும்.

புரியும். பேட்டருக்கு மூன்று ஸ்டிரைக் வரை வாய்ப்பு. அடிக்க வேண்டிய பந்தை விட்டாலும், வீசித் தவறினாலும் ஸ்டிரைக். மூன்றாவதில் அவுட். எட்டாத இடத்தில் நான்கு பந்து வந்தால் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். பேஸ் என்பது ரன் எடுக்கச் சுற்றி ஓட வேண்டிய மூலை. பக்கவாட்டுக் கோடுகளுக்கு வெளியே அடித்தால் ஃபவுல், ரன் இல்லை. அதாவது நம்முடைய லெக் கிளான்ஸ், லேட் கட்டுக்கெல்லாம் இங்கே மரியாதை கிடையாது. மூன்று அவுட்டுக்கு ஒருமுறை அணி மாறும். இப்படி ஒன்பது இன்னிங்ஸ். மீதி நுணுக்கங்களைப் பக்கத்தில் இருக்கும் தாத்தா யாராவது கேட்காமலே சொல்லிக் கொடுப்பார்.

பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

முதலில் அட்டவணை, அப்புறம்தான் வரைபடம். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பூட்டிய கேட்டின் முன்னால் நிற்கிறார்கள்.

2021-ல் மைனர் லீக்கை மாற்றியமைத்தபோது ஒரு வசதி வந்தது. ஒரே எதிரணியுடன் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டம், பெரும்பாலும் திங்கள் விடுமுறை. ஆகவே ஓர் அணி ஊரில் இருந்தால் அந்த வாரம் முழுக்க இருக்கும், இல்லாவிட்டால் முழுக்க இருக்காது. நீங்கள் போக நினைக்கும் வாரத்தில் எந்தெந்த ஊரில் ஆட்டம் என்று பட்டியல் போடுங்கள். அதற்குள் பாதை தானாகவே தெரிந்துவிடும். பக்கத்துப் பக்கத்து ஊர் அணிகள் ஒன்றோடொன்று மோதும் வாரத்தில் ஓர் ஊர் காலியாக இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நேரத்தையும் பாருங்கள். வார நாட்களில் பெரும்பாலும் மாலை ஆறரை, ஏழு மணி. ஞாயிற்றுக்கிழமை பல ஊர்களில் மதியம். இது நமக்கு நல்லது. சனிக்கிழமை இரவு ஓர் ஊர், ஞாயிறு மதியம் வேறோர் ஊர், இரவு சாப்பாட்டுக்கு வீடு. ஏப்ரல், மே மாதங்களில் சில புதன்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் காலை பதினொரு மணிக்கே ஆட்டம் வைப்பார்கள். ஐந்தாயிரம் பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்துவதைத் தாங்க முடியும் என்றால் போகலாம்.

ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்றால் எந்தப் பாதை?

கனாப்பொலிஸ், வின்ஸ்டன்-சேலம், சார்லட். தயங்காமல் சொல்வேன். மூன்றுமே சிகாகோ வொயிட் சாக்ஸின் வளர்ப்பு அணிகள். கனாப்பொலிஸ் சிங்கிள் ஏ, வின்ஸ்டன்-சேலம் ஹை ஏ, சார்லட் ட்ரிபிள் ஏ. சார்லட்டிலிருந்து கனாப்பொலிஸ் அரை மணி நேரம், வின்ஸ்டன்-சேலம் ஒன்றரை மணி நேரம். ஒரே ஏணியின் மூன்று படிகளை இவ்வளவு குறுகிய தூரத்தில் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். விடுபடும் டபுள் ஏ படி அலபாமாவின் பர்மிங்ஹாமில் இருக்கிறது. கூடைப்பந்து மைக்கேல் ஜோர்டான் 1994-ல் பேஸ்பால் ஆடிப் பார்த்தது அங்கேதான்.

கீழ்ப்படியிலிருந்து தொடங்குங்கள். கனாப்பொலிஸில் பிட்சர்கள் வேகமாக எறிவார்கள், ஆனால் பந்து எங்கே போகும் என்று அவர்களுக்கே தெரியாது. அடி விழாமலே இரண்டாவது பேஸைத் திருட (அதாவது ஓடிப் பிடிக்க) பார்க்கிறவனை அவுட்டாக்க கேட்சர் எறியும் பந்து நடுமைதானத்துக்குப் போய்விடும். வின்ஸ்டன்-சேலத்தில் அதே வேகம், ஆனால் கொஞ்சம் கட்டுப்பாடு. சார்லட்டுக்கு வந்தால் ஆட்டமே அமைதியாகிவிடும். முப்பது வயதைத் தாண்டியவர்கள் இருப்பார்கள். சிலர் மேலே போய்த் திரும்பி வந்தவர்கள். அவர்கள் முகத்தில் பதற்றம் இருக்காது, கொஞ்சம் சலிப்பு தெரியும். 2023-ல் முதல்முறையாகத் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தபோது சிங்கிள் ஏ ஆளுக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 26,200 டாலர், ட்ரிபிள் ஏ ஆளுக்கு 35,800. அதற்கு முன்பு இன்னும் மோசம். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் ஆட்டம் வேறு மாதிரி தெரியும்.

கனாப்பொலிஸ் ஊருக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். ஒரு காலத்தில் கேனன் மில்ஸ் என்ற துண்டு, படுக்கை விரிப்பு ஆலைக்கே சொந்தமான ஊர் அது. 2003 ஜூலையில் ஆலை ஒரேயடியாக மூடப்பட்டது. ஒரே நாளில் நடந்த வேலைநீக்கங்களில் அந்த மாநிலம் கண்டதிலேயே பெரியது. கரூர்க்காரர்களுக்கு இந்தக் கதையின் மறுபக்கம் தெரியும். பிறகு 2015-ல் நகராட்சியே ஊரின் நடுப்பகுதியை விலைக்கு வாங்கி, அங்கே மைதானத்தைக் கட்டியது. 2020-ல் திறக்க வேண்டியது. கொரோனாவால் மைனர் லீக் சீசன் முழுவதும் ரத்தாகி, அடுத்த ஆண்டுதான் முதல் ஆட்டம் நடந்தது. கார் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் பிறந்த ஊரும் இதுதான். அவர் சிலை மைதானத்திலிருந்து நடக்கிற தூரம்.

டர்ஹாம் போயாச்சு. அப்புறம்?

மேற்கே ஆஷ்வில், கிழக்கே வில்சன்.

ஆஷ்வில் டர்ஹாமிலிருந்து மூன்றரை மணி நேரம். ஐ-40 சாலை மலையேறும் இடத்தில் மழை பெய்தால் இன்னும் கூட ஆகும். மெக்கார்மிக் ஃபீல்ட் 1924-ல் திறந்தது, மலைச்சரிவில் செதுக்கிய மாதிரி இருக்கும். வலது பக்க எல்லை மிகக் குறுகலானது. அதை ஈடுகட்ட அங்கே உயரமான சுவர். அணியின் பெயர் டூரிஸ்ட்ஸ், சுற்றுலாப் பயணிகள். எதிரணியை அமெரிக்க ஸ்கோர் பலகைகளில் விசிட்டர்ஸ் என்று போடுவது வழக்கம். எனவே இந்த ஊரில் மட்டும் இரண்டு பக்கமும் வெளியூர்க்காரர்கள். அந்தக் கால பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் 1925-ல் இந்த ஊர் ரயில் நிலையத்தில் மயங்கி விழ, அவர் இறந்தேவிட்டார் என்று வதந்தி பரவியது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் இந்தப் பகுதியைப் புரட்டிப் போட்டது. கிளம்புமுன் சாலை நிலவரத்தையும் மைதான நிலவரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வில்சன் எதிர்த்திசை. டர்ஹாமிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். 2026 சீசனிலிருந்து அங்கே வார்பேர்ட்ஸ் என்ற அணி. ஊர் நடுவில் காற்றாடிச் சிற்பப் பூங்கா ஒன்று இருக்கிறது. விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்த்து வந்த வாலிஸ் சிம்ப்சன், பழைய இரும்பையும் விளக்குகளையும் வைத்துச் செய்த ராட்சதக் காற்றாடிகள். பிள்ளைகளுக்குப் பேஸ்பாலை விட இது பிடித்துப்போனால் ஆச்சரியமில்லை.

கிரீன்ஸ்பரோவும் வழியில்தான் இருக்கிறது. 1960 பிப்ரவரியில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்து போராடிய உல்வொர்த் கடை இப்போது அருங்காட்சியகம். மதியம் அதைப் பார்த்துவிட்டு மாலை ஆட்டத்துக்குப் போகலாம். இரண்டும் ஊர் நடுவில்தான்.

கின்ஸ்டன் மைதானம் அழகாக இருக்கும் என்று பழைய வீடியோவில் பார்த்தேன். போகலாமா?

மைதானம் இருக்கிறது, அணி இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கின்ஸ்டனில் கிரெய்ஞ்சர் ஸ்டேடியம் 1949-ல் கட்டியது. 2011 சீசனோடு அங்கிருந்த அணியின் இடம் ஸெபுலனுக்குப் போனது. ஐந்து ஆண்டு காலியாகக் கிடந்து, 2017-ல் மறுபடி ஓர் அணி வந்தது. அதுவும் 2024-ஐ முடித்துக்கொண்டு தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் நகரத்துப் புது மைதானத்துக்குப் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், கின்ஸ்டனிடமிருந்து அணியை வாங்கிக்கொண்ட ஸெபுலனும் இப்போது அதை வில்சனிடம் இழந்துவிட்டது.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஓய்வறை, பயிற்சிக்கூடம், விளக்கு வெளிச்சம் இதெல்லாம் இப்படி இப்படி இருக்க வேண்டும் என்று மேஜர் லீக் 2021-க்குப் பிறகு கறாராகச் சொல்லிவிட்டது. ஆட்டக்காரர்களுக்கு அது நியாயம்தான். ஆனால் பல கோடி டாலர் போட்டுக் கட்ட முடிந்த ஊருக்கு அணி போகிறது, முடியாத ஊர் கைகட்டி நிற்கிறது. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. ஆகவே, பழைய வீடியோவையோ பழைய பட்டியலையோ நம்பிக் கிளம்ப வேண்டாம். அந்த ஆண்டு அட்டவணையில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

டர்ஹாம் மைதானத்தின் இடது எல்லைச் சுவர் மேல் ஒரு பெரிய காளை மாட்டுப் பலகை உண்டு. 1988-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்துக்காகப் பழைய மைதானத்தில் வைத்த காளையின் வாரிசு. ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) பந்து காளை மேல் பட்டால் அடித்தவருக்கு ஸ்டீக் இலவசம் என்று எழுதியிருக்கும். காளையின் காலடிப் புல்லில் பட்டால் சாலட். நம் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

வேர்க்கடலை, பாப்கார்ன், ப்ரெட்ஸல், எலுமிச்சை ஜூஸ் எல்லா இடத்திலும் உண்டு. உருளைக்கிழங்கு ஃப்ரைஸைக் கோழி பொரித்த எண்ணெயிலேயே போடவும் கூடும். அதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். குழந்தை உணவுக்குத் தடை இருக்காது. புளியோதரையையும் தயிர் சாதத்தையும் வழியில் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலேயே முடித்துவிடுவது உத்தமம். மரத்தடியில் மேசை, பெஞ்சு எல்லாம் போட்டிருப்பார்கள்.

ஆஷ்வில் பக்கம் போகிறவர்கள் சாலையோரக் கடைகளில் அவித்த வேர்க்கடலை கேளுங்கள். தோலோடு உப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் வேகவைத்து, சூடாகக் கோப்பையில் தருவார்கள். மெரினாவில் வாங்குவதை விடக் கொழகொழவென்று இருக்கும், உப்பும் தூக்கல். ஆனாலும் ஊர் ஞாபகம் வரும். அப்புறம், காரம் வேண்டுமென்றால் டெக்சஸ் பீட் சாஸ். பெயர்தான் டெக்சஸ், தயாராவது வின்ஸ்டன்-சேலத்தில்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ஆறு மாத விசாவில் வந்து நான்கு சுவரையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது நல்ல மாற்றம். மூன்று விஷயம் மட்டும் கவனியுங்கள். முதல் பேஸ் பக்கமா, மூன்றாவது பேஸ் பக்கமா, எது மாலையில் நிழல் என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள், ஊருக்கு ஊர் மாறும். படி ஏற வேண்டாத மேல்வரிசை இருக்கை கேளுங்கள். பெரும்பாலான புது மைதானங்களில் நடைபாதை மேல்மட்டத்தில்தான் இருக்கும், கீழே இறங்கினால்தான் படி. எல்லைக்கு அப்பால் புல்சரிவு இருக்கும் ஊர்களில் டிக்கெட் மலிவு, பிள்ளைகள் உருண்டு விளையாடுவார்கள். ஆனால் முட்டிவலி இருப்பவர்கள் தரையில் உட்கார்ந்து எழுவது சிரமம்.

முதலில் தேசிய கீதம், எல்லோரும் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றுவார்கள். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் மறுபடி எழுந்து பாட்டுப் பாடுவார்கள். இன்னிங்ஸ் இடைவெளிகளில் குழந்தைகளுக்கு ஓட்டப்பந்தயம், டி-ஷர்ட் வீச்சு என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். அப்பாக்கள் ஆட்டத்தைப் பார்ப்பார்கள், அம்மாக்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சில வீடுகளில் நேர்மாறு.

பந்து மேலே வந்து விழுந்தால்?

வலைக்குப் பின்னால் உட்கார்ந்தால் பயமில்லை. வலை முடியும் இடத்துக்கு அப்பால் உட்கார்ந்திருந்தால் பேட்டர் நிற்கும்போது போனைப் பார்க்காதீர்கள். கைக்குழந்தையோடு அங்கே வேண்டவே வேண்டாம். பிடித்த பந்து உங்களுடையது, கிரிக்கெட் மாதிரி திருப்பி எறிய வேண்டியதில்லை. பக்கத்தில் சின்னப் பிள்ளை இருந்தால் கொடுத்துவிடுவது வழக்கம்.

எவ்வளவு நேரம் ஆகும்?

இரண்டரை மணி நேரம் சொச்சம். 2022-ல் மைனர் லீக் முழுக்கப் பிட்சர் குறிப்பிட்ட நொடிக்குள் எறிய வேண்டும் என்று கடிகாரம் வைத்த பிறகு ஆட்டம் நன்றாகவே சுருங்கிவிட்டது. சமனில் முடிந்தால் கூடுதல் இன்னிங்ஸ் உண்டு. ஆனால் 2018 முதல் இரண்டாவது பேஸில் ஒரு ஆளை நிறுத்தியே தொடங்குவதால் சீக்கிரம் முடிந்துவிடும். 1981-ல் ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில் ஒரு ஆட்டம் விடிகாலை நான்கு மணி தாண்டி 32 இன்னிங்ஸ் ஓடியது. அரங்கத்தில் மீதமிருந்தது 19 பேர். நிறுத்திவிட்டு ஜூனில் தொடர்ந்து 33-வது இன்னிங்ஸில் முடித்தார்கள். உங்களுக்கு அந்த அபாயம் இல்லை.

மழை வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பணமாகக் கிடைப்பது அரிது. ஐந்து இன்னிங்ஸ் முடிவதற்குள் ஆட்டம் நின்றால், அதே சீசனில் வேறொரு நாளுக்கு டிக்கெட்டை மாற்றித் தருவார்கள். ஐந்து முடிந்துவிட்டால் அதுவும் இல்லை. உள்ளூர்க்காரருக்கு இது சரி, இருநூறு மைல் ஓட்டி வந்தவருக்கு என்ன பயன்? அதனால் தூர ஊருக்குப் போகும்போது வெள்ளி, சனி என்று இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி ரத்தானால் சனிக்கிழமை ஒரே டிக்கெட்டில் ஏழு இன்னிங்ஸ் ஆட்டம் இரண்டு நடக்க வாய்ப்புண்டு. ஜூலை, ஆகஸ்டில் சாயங்கால இடிமழை சகஜம். மின்னல் தெரிந்தால் எல்லோரையும் உள்ளே போகச் சொல்வார்கள், ஒரு மணி நேரத்தில் மறுபடி தொடங்கிவிடும். அவசரப்பட்டுக் காருக்கு ஓட வேண்டாம்.

பெரிய நட்சத்திரங்களைப் பார்க்க முடியுமா?

அதிர்ஷ்டம் இருந்தால். காயத்திலிருந்து தேறும் மேஜர் லீக் ஆட்டக்காரர்களைக் கீழே சில நாள் ஆட அனுப்புவார்கள். பேட்டருக்கு அதிகபட்சம் 20 நாள், பிட்சருக்கு 30 நாள். ஓரிரு நாள் முன்புதான் செய்தி வரும். வந்தவுடன் டிக்கெட் தீர்ந்துவிடும். கையெழுத்து வேண்டும் என்றால் கதவு திறந்ததும் போய்ப் பக்கவாட்டுச் சுவர் ஓரம் நில்லுங்கள். பேனாவை நீங்களே கொண்டுபோங்கள்.

கல்லூரி மாணவர்கள் ஆடும் கோடை லீக்?

பெரும்பாலும் ஜூன், ஜூலையில். மாணவர்களுக்குச் சம்பளம் கிடையாது, உள்ளூர்க் குடும்பங்களின் வீடுகளில் தங்கி ஆடுகிறார்கள். கல்லூரியில் அலுமினிய மட்டை, இங்கே மரமட்டை. கேரி பக்கத்துக்காரர்களுக்கு ஹாலி ஸ்பிரிங்ஸ் அரை மணி நேரத்துக்குள். பர்லிங்டனில் ஆடுவது சாக் பப்பெட்ஸ், அதாவது காலுறைப் பொம்மைகள். காலுறை ஆலைகள் நிறைந்திருந்த ஊர் அது. 2020 வரை தொழில்முறை அணி இருந்த இடம். இப்போது மாணவர்கள் ஆடுகிறார்கள், கூட்டம் குறையவில்லை.

எந்த மாதம் நல்லது?

மே. வெயில் ஏறியிருக்காது, பள்ளி நாட்கள் என்பதால் வார நடுவில் இருக்கை எளிதாகக் கிடைக்கும். ஜூலை 4-ஐ ஒட்டி வாணவேடிக்கை உண்டு, ஆனால் பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டிவரும். சிங்கிள் ஏ, ஹை ஏ சீசன் செப்டம்பர் முதல் பாதியிலேயே முடிந்துவிடும். ட்ரிபிள் ஏ மட்டும் இன்னும் ஒன்றிரண்டு வாரம் ஓடும். ஏப்ரல் தொடக்கத்தில் ஆஷ்வில் போனால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்தக் குளிரில் உட்கார முடியாது.